கார் டெய்லர் நோட்டில் என் பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக ஒரு கார் வாங்கியதும் கிடையாது. ஆனால் உலகத்தில் எந்தக் காரில் எந்த மூலையில் என்ன கோணங்கித்தனம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். கேட்காவிட்டாலும் ஆரம்பிப்பார். முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கச்சேரிக்கு ஒரே ரசிகை நான்தான்.

அவர் தொழில் கார் சீட்டுக்கு உறை தைப்பது. கடைத்தெருவின் கடைசியில், டயர் கடைக்கும் லேத்துப் பட்டறைக்கும் நடுவில், ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய கொட்டகை. உள்ளே போனால் பசை வாசனை மூக்கைத் துளைக்கும். சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், கூரை வரை அடுக்கிய ஃபோம், மூலையில் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பெரிய தையல் மெஷின். கார் வந்ததும் முதலில் சீட்டுகளைக் கழற்றுவார். அடியில் என்னவெல்லாம் கிடக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒற்றைக் கம்மல், பல் செட்டு, குழந்தைச் சாக்ஸ், பரீட்சை மார்க் சீட்டு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வண்டி எண்ணை எழுதி, திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த மார்க் சீட்டை மட்டும் பையனின் அப்பாவிடம் கொடுக்காமல் பையனிடமே கொடுத்தார். அதுதான் இவர் குணம்.

தைக்கும் முன் ஒவ்வொரு காருக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதுவார். மேலே ‘வண்டி’, அதற்குக் கீழே ‘அளவு’, அதற்கும் கீழே ‘விசேஷம்’. இந்த விசேஷத்தில்தான் மனுஷர் உயிரே இருக்கிறது. கதவுக்குள் குடை வைக்க ஓட்டை, குடையிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போக அதற்கொரு குழாய். பின்விளக்கைத் திருப்பினால் அதன் பின்னால் பெட்ரோல் மூடி. ஸ்டெப்னி டயரின் காற்றை வைத்தே கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் கார். எல்லாம் கொட்டகைக்கு வந்த வண்டிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேல் காகிதத்தில் வந்தவை. உறைக்கு மாதிரி வெட்டுவதற்காகப் பழைய மோட்டார் பத்திரிகைகளை மூட்டையாக வாங்குவார். வெட்டுவதற்கு முன் படிப்பார். படித்ததை நோட்டில் ஏற்றுவார். இப்படி பதினொரு நோட்டு சேர்ந்துவிட்டது. என் துணி வைக்கும் அலமாரியில் இரண்டு தட்டு அதற்கே போயிற்று.

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் முதன்முதலாக வாடகைக் காரில் போனோம். புருஷன் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

“அந்தக் காலத்துல திரும்புறதுக்கு விளக்கு மின்னாது, தெரியுமா? கதவு பக்கத்துத் தூண்லேர்ந்து சின்னதா ஒரு கை வெளியே நீளும். மஞ்சக் கலர்ல” என்றார்.

“அப்படியா?” என்றேன்.

“சில நேரம் கை சிக்கிக்கும். உள்ளேர்ந்து தூணை ஒரு தட்டு தட்டினாத்தான் நீளும்.”

“உங்க கையும் சிக்கிக்கிச்சா?” என்று கேட்டேன். அவருக்குப் புரிந்து என் கையைப் பிடிப்பதற்குள் வீடே வந்துவிட்டது.

இப்படியே காலம் ஓடியது. முன்பக்கமாகக் கதவு திறக்கும் குட்டிக் கார் ஒன்று உண்டாம். கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே வருமாம். சுவரை ஒட்டி மூக்கை வைத்து நிறுத்திவிட்டால் ஆள் கதவு வழியாக இறங்க முடியாது, மேல்கூரையைத் திறந்து ஏறித்தான் வர வேண்டும். இந்தக் கதையை மட்டும் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கே இல்லை. எங்கள் மகள் சின்னவளாக இருக்கும்போது தூங்குவதற்கு இதுதான் கதை. “அப்பா, சுவத்துல முட்டிக்கிட்ட காரு சொல்லு” என்பாள். நான் சமையலறையிலிருந்து கத்துவேன், “ஊர் உலகத்துக் காரெல்லாம் தெரியுது, வீட்டுல கேஸ் தீர்ந்து மூணு நாளாச்சு, அது தெரியுதா?” என்று. தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் சிலிண்டர் வந்திருக்கும்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடது இடுப்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து, ஆணி வைத்து, கையில் கம்பு கொடுத்து அனுப்பினார்கள். நடக்க முடிந்தது. படுக்க முடிந்தது. உயரமான நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி உட்காரவும் முடிந்தது. இடுப்பை மடக்கினால் மட்டும் உயிர் போய் உயிர் வரும். வீட்டுக்குள் எப்படியோ சமாளித்துவிட்டேன். காருக்குள் ஏறுவது ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் ஸ்ட்ரெச்சர் வண்டி இருந்தது. அதற்கப்புறம் ஒருநாள் டாக்டரைப் பார்க்க என் தம்பி காரைக் கொண்டுவந்தான். அவன் என் தலையைப் பிடித்து அழுத்த, பக்கத்து வீட்டுக்காரர் காலைத் தூக்க, இரண்டு பேர் சேர்ந்து என்னைச் சிமெண்ட் மூட்டை மாதிரி உள்ளே தள்ளப் பார்த்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. வலியைவிட அந்த வெட்கம்தான் என்னைக் கொன்றது. “விடுங்கடா என்னை! இனிமே இந்த ஜென்மத்துல கார்ல ஏற மாட்டேன்” என்று கத்தினேன். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

அந்தச் சபதம் எவ்வளவு முட்டாள்தனமானது என்று மூன்றே மாதத்தில் தெரிந்தது. என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைச்சன் குழந்தை, எட்டாவது மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. மகள் இருப்பது ஆறு மணி நேரம் தள்ளி, மலைமேல் ஓர் ஊரில். ரயில் அங்கே போகாது. பஸ் படியைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம். குழந்தையை ஆறு மாதம் வரை எங்கும் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் படம் அனுப்புவாள். கைக்குட்டைக்குள் சுற்றின மாதிரி ஒரு முகம். மகள் ஒருநாள் பேசிக்கொண்டே இருந்தவள், சட்டென்று, “அம்மா, நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். பெற்ற பெண் கூப்பிடுகிறாள், நான் ஒரு கார்க் கதவைத் தாண்ட முடியாமல் கிடக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். நேரே அலமாரிக்குப் போய் நோட்டுகளைக் கீழே இறக்கினார்.

எனக்கு வந்ததே கோபம். “பொண்டாட்டி அழுதுக்கிட்டு நிக்கிறா, இந்த மனுஷனுக்கு நோட்டு கேக்குது! பதினோரு நோட்டுல ஊரான் கார் எல்லாத்துக்கும் பக்கம் இருக்கு. எனக்கு ஒரு பக்கம் இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் காதில் வாங்கவே இல்லை. ஆறாவது நோட்டில் ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் நீட்டினார். ஒரு அமெரிக்கக் காரின் படம், ஐம்பதுகளின் கடைசியில் வந்தது. கதவு திறந்திருக்கிறது. முன்சீட்டு தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதில் ஒரு பெண்மணி இரண்டு காலையும் தரையில் வைத்து, ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

“சீட்டு திரும்பும். வெளியே திரும்பி நிக்கிற சீட்டுல நாற்காலில உக்கார்ற மாதிரி உக்காரலாம். அப்புறம் ஆளோட உள்ளே திருப்பிடலாம். யாரும் தூக்க வேண்டாம், தள்ள வேண்டாம்” என்றார்.

“அது அமெரிக்காக்காரி கார். நம்ம வீட்டுல எங்கே இருக்கு?”

“உன் தம்பி கார்ல ஆகும்.”

என் தம்பி முதலில் முறைத்தான். “மாமா, என் வண்டி சீட்டைப் பிடுங்கிடாதீங்க” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். பத்து நாள் கொட்டகையில் அந்த ஒரு கார்தான். லேத்துக்காரரிடம் சொல்லி, ஒன்றின்மேல் ஒன்று சுற்றும்படி இரண்டு இரும்புத் தட்டு கடைந்து வாங்கினார். நடுவில், வழுக்கிச் சுற்றுவதற்கு இரும்புக் குண்டுகள் போட்ட வளையம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பியிலிருந்து கழற்றி, தட்டை நடுவில் வைத்து, நாலு போல்ட் முடுக்கினார். திரும்பினால் சீட்டு நிற்பதற்கு ஒரு கொக்கி. விழுந்தால் ‘க்ளிக்’ என்று கேட்கும். வழக்கம்போல எல்லாம் அளந்தார்: சீட்டின் அகலம், கதவின் இடைவெளி, தூணுக்கும் சீட்டுக்கும் நடுவே எத்தனை விரல் என்பது வரைக்கும். அவர் உட்கார்ந்து திருப்பினார். லேத்துக்காரர் உட்கார்ந்து திருப்பினார். என் தம்பி உட்கார்ந்து இரண்டு தடவை சுற்றிவிட்டு, “அக்கா, ஜம்முனு இருக்கு!” என்று போன் பண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் தலைவாரி, பேத்திக்காக நானே பின்னிய சின்னக் கம்பளித் தொப்பியைப் பையில் வைத்து, புறப்படத் தயாராகவே வந்தேன். அவ்வளவு நம்பிக்கை. வெளியே திரும்பி நின்ற சீட்டில் மெல்ல உட்கார்ந்தேன். வலிக்கவில்லை! எனக்கே ஆச்சரியம். அவர் என்னை உள்ளே திருப்பினார். பாதி தூரம் வந்தது. அப்புறம் என் முட்டி கதவுத் தூணில் போய் இடித்தது.

மற்றவர்கள் எல்லாம் முட்டியை மடக்கி உட்காருகிறவர்கள். இடுப்பு மடங்காததால் என் இடது கால் முன்னால் நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளினார். இடுப்பில் யாரோ ஆணியைத் திருகிய மாதிரி இருந்தது. பின்னாலும் போக முடியவில்லை, கொக்கி பாதியில் மாட்டிக்கொண்டது. தலை உள்ளே, கால் வெளியே. பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர். கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி என்னை வெளியே எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அன்று நான் திட்டவே இல்லை. வாயே திறக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து கட்டிலோரம் நின்றார்.

“எல்லாத்தையும் அளந்தேனே” என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

எனக்கு அப்போது ஆங்காரம் எல்லாம் வடிந்திருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். “காரை அளந்தீங்க. சீட்டை அளந்தீங்க. முப்பத்திரண்டு வருஷமா அதான் அளக்குறீங்க. உக்காரப் போறவளை அளந்தீங்களா?”

அவர் முகம் செத்துப் போயிற்று. வெளியே போனார். ‘அடடா, அதிகமாகப் பேசிவிட்டோமோ’ என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பாவம், சீட் தைப்பவரிடம் சீட்டு மட்டும்தானே வரும், அதில் உட்காருகிற ஆள் என்றைக்கு வந்தார்?

மத்தியானம் திரும்பி வந்தார். கழுத்தில் அளவு டேப், காதில் பென்சில், கையில் சாக்குக்கட்டி. கொட்டகையிலிருந்து ஒரு பழைய கார் சீட்டையும் தூக்கி வந்து, கூடத்துச் சுவரோரம் இரண்டு மரக்கட்டை மேல் வைத்தார்.

“வந்து உக்காரு. உன் இஷ்டத்துக்கு உக்காரு. நான் தொட மாட்டேன்.”

உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்து முட்டி வரை அளந்தார். முட்டியிலிருந்து குதிகால் வரை அளந்தார். உட்கார்ந்த நிலையில் உச்சந்தலை வரை அளந்தார். டேப்பின் நுனி ஜில்லென்று இருந்தது. பிறகு சீட்டின் முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். “எங்கே வலி ஆரம்பிக்குதோ சொல்லு” என்றார். நான் “இங்கே” என்றதும் சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். “எங்கே தாங்க முடியலையோ அங்கேயும் சொல்லு.” இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்தார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். என் வலி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாரும் கோடு போட்டுப் பார்த்ததில்லை. நானோ, “புதுசா சுண்ணாம்பு அடிச்ச சுவரு, நாசம் பண்ணிட்டீங்க” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

மறுபடி ஒரு வாரம். தைத்த உறையைத் தானே பிரித்தார். ஃபோமின் முன்விளிம்பைச் சரிவாகச் சீவினார். தட்டைச் சீட்டின் நடுவிலிருந்து பின்பக்கமாக நகர்த்தினார். முதலில் சீட்டு பின்னால் வழுக்கிப் போய், அதற்கப்புறம்தான் திரும்பும். முதுகை என் கோட்டுக்குள் நிற்கும்படி சாய்த்து, அதற்கு மேல் நிமிராமல் ஒரு கட்டை அடித்தார். இந்தத் தடவை அவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, லேத்துக்காரரையும் உட்கார வைக்கவில்லை. என் காலளவுக்கு ஒரு மரப்பலகையை வெட்டி, அதைச் சீட்டில் கட்டித் திருப்பிப் பார்த்திருக்கிறார். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். “மாமா அந்தப் பலகைகிட்ட ‘வலிக்குதா’ன்னு கேக்குறாருக்கா” என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிறு, வேடிக்கை பார்க்க ஆள் சேர்வதற்கு முன்பே கிளம்பினோம். உட்கார்ந்தேன். சீட்டு பின்னால் போனது. திரும்பியது. என் முட்டி தூணைத் தாண்டும்போது நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. ‘க்ளிக்.’ என் வீட்டுக்காரர் எதையோ குறித்து முன்னால் இருந்த டப்பாவில் போட்டார். பால்காரர் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். தம்பி வண்டியை எடுத்தான். என் வீட்டுக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு மேட்டிலும் “வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். “வாயை மூடிக்கிட்டு வாங்க, கேட்டுக் கேட்டே வலி வந்துடும்” என்று திட்டினேன். திட்டு வாங்கினதும் நிம்மதியாகச் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு அது வினோதமாக இருந்தது.

மலையேற ஆரம்பித்தபோது கைக்குட்டை தேடி முன்னால் இருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு நோட்டு. பன்னிரண்டாவது, புத்தம் புதியது. முதல் பக்கத்தில் ‘வண்டி’ என்பதை அடித்துவிட்டு, ‘என் வீட்டம்மா’ என்று எழுதியிருந்தார். கீழே என் அளவுகள், அரை அங்குலம் பிசகாமல். அதற்கும் கீழே:

‘விசேஷம்: இடது இடுப்பு மூன்றாவது கோட்டுக்கு மேல் மடங்காது. தூக்கக் கூடாது. தோளைக் கொடுத்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லாது, திட்டும். திட்டுச் சத்தம் ஏறினால் வலி ஏறுகிறது. திட்டாமல் சும்மா இருந்தால் ரொம்ப வலி, உடனே நிறுத்தவும். ஏறும்போது வலி: இல்லை. இறங்கும்போது வலி:’

அதற்குப் பக்கத்தில் வெற்றிடம். நான் நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். கண்ணாடிக்கு வெளியே மலை எல்லாம் கலங்கித் தெரிந்தது. தம்பி, “என்னக்கா?” என்றான். “ரோட்டைப் பாத்து ஓட்டுடா” என்றேன்.

மகள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மதியம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்து கதவைத் திறந்தார். சீட்டு பின்னால் போயிற்று, வெளியே திரும்பிற்று, ‘க்ளிக்.’ என் இரண்டு காலும் தரையைத் தொட்டன. எழுந்திருக்கக் கம்பைத் தேடினேன். அதற்குள் மகள் கேட்டைத் தாண்டி வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். கையில் துணிச் சுருள்.

“எழுந்திரிக்காதம்மா. அப்படியே இரு” என்றாள். குனிந்து, குழந்தையை என் மடியில் வைத்தாள்.

தேங்காய் கனம்கூட இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, என்னைக் கேட்காமலே என் விரலைப் பிடித்தது. எனக்கு வாயில் வார்த்தையே வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

“என்னாச்சு?” அவர் முழங்காலிட்டு என் முகத்தைப் பார்த்தார். “ஏன் பேசாம இருக்கே? ரொம்ப வலிக்குதா? திருப்பிடட்டுமா? ஏதாவது சொல்லேன்!”

அவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“நோட்டை எடுங்க” என்றேன்.

“பாத்துட்டியா?” என்று எழுந்தார். பிறகு டப்பாவைத் திறந்து நோட்டை எடுத்தார். காதிலிருந்த பென்சிலை உருவினார்.

“இறங்கும்போது வலி இல்லைன்னு எழுதுங்க. பேசாம இருந்தா வலின்னு எழுதியிருக்கீங்களே, அதையும் திருத்துங்க. சந்தோஷம் தாங்கலைன்னாலும் பேச்சு வராதுன்னு எழுதுங்க.”

அவர் எழுத ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது; எழுத்து கோட்டைவிட்டு எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தது.

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுதுங்க! கண்ணு தெரியாம கிறுக்கி என் பக்கத்தை நாசம் பண்ணாதீங்க” என்று திட்டினேன்.

அப்போதுதான் அந்த மனுஷர் முகத்துக்கு உயிர் வந்தது.